சோதனைக்குப் போகும் வழி

1

ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குப் போகும் சாலையில், பருத்திப்பட்டு ஏரியைத் தாண்டியதும், ஓர் ஆட்டோவை இன்னொரு ஆட்டோ தள்ளிக்கொண்டு போவதைப் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன். இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. சென்னைக்காரர்களுக்கு இது புதுக் காட்சி அல்ல. பின்னால் வருகிறவர் ஒரு காலை வெளியே நீட்டி, முன்வண்டியின் பின்பக்கத்தில் பாதத்தை ஊன்றிக்கொள்கிறார். தன் என்ஜினின் விசையைக் காலின் வழியாக முன்னதற்குக் கொடுக்கிறார். முன்னால் இருப்பவருக்கு ஹாண்டில்பாரைப் பிடித்திருப்பது ஒன்றுதான் வேலை.

ஆனால் இந்த முன்வண்டி பழுதான வண்டியாகத் தெரியவில்லை. டிங்கரிங் பார்த்துப் புதிதாக மஞ்சள் அடித்திருந்தது. கண்ணாடிக்கு மேலே ஒரு முழம் பூ. கீழே எலுமிச்சம்பழம். ரிப்பேருக்குப் போகிற வண்டிக்கு யாரும் பூப்போட மாட்டார்கள். ஓட்டுகிறவரை, அதாவது ஓட்டாமல் பிடித்திருந்தவரை, எனக்குத் தெரியும். எங்கள் கிளையில் கணக்கு வைத்திருப்பவர்.

பிறகு கௌண்டருக்கு வந்தபோது கேட்டேன். வண்டியின் எஃப்.சி. முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது, அன்று எஃப்.சி.க்குக் காட்டப் போனாராம். என்ஜின் நன்றாகத்தான் இருந்தது. அப்படியானால் ஏன் தள்ளிக்கொண்டு போனீர்கள் என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதிலைக் கட்டுரையின் பின்பகுதிக்கு வைத்துக்கொள்கிறேன். அதற்கு முன் அந்தப் பயணத்தைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது. தகுதியா தகுதியின்மையா என்பது இன்னும் தீர்மானமாகாத ஒரு பொருள், தீர்மானிக்கும் இடத்துக்கு எந்த உரிமையில் போகிறது?

2

1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, பதிவு செய்யப்படாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டக்கூடாது என்கிறது. 56-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. வாடகை வண்டி, லாரி, பஸ் போன்றவை தகுதிச் சான்று இல்லாதவரை முறையாகப் பதிவானவையாகக் கருதப்பட மாட்டா. 1939-ஆம் வருஷத்துப் பழைய சட்டமும் தன் 38-ஆம் பிரிவில் இதையேதான் சொல்லிற்று. சான்று காலாவதியான வண்டியைத் 'தகுதியற்றது' என்று சட்டம் சொல்லியிருந்தால் புரிந்துகொள்ளலாம். அது சொல்வது வேறு. அந்த வண்டி பிறந்ததாகவே கணக்கில் இல்லை என்கிறது. நம்பர் பிளேட் இருக்கிறது, ஆர்.சி. புத்தகம் இருக்கிறது, பதினோரு வருஷமாக அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்டு விட்டு வரும் ஆட்களை ஏற்றி இறக்கிய வண்டி இருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவோடு அது பிறக்காததாகிவிடுகிறது. 'கருதப்படும்', 'கருதப்படாது' என்ற வினைகளைச் சட்டம் எவ்வளவு சாதாரணமாகக் கையாளுகிறதோ, அவ்வளவு நாம் அவற்றுக்குப் பயப்பட வேண்டும்.

இனி, அந்த வண்டி திரும்பப் பிறக்க என்ன வழி? பிரேக் இன்ஸ்பெக்டரின் முன் நிற்க வேண்டும். பிரேக், ஸ்டியரிங், விளக்கு, ஹாரன், மீட்டர் எல்லாவற்றையும் அவர் பார்த்துச் சான்று தர வேண்டும். அவர் முன் போய் நிற்க ரோட்டில் ஓடியாக வேண்டும். ரோட்டில் ஓடச் சான்று வேண்டும். ப்ளேட்டோவின் மெனோ கேட்ட கேள்வி இதற்குத் தூரத்து உறவு: தெரியாத ஒன்றை எப்படித் தேடுவாய், தெரிந்துவிட்டால் எதற்குத் தேடுவாய்? ஸாக்ரடீஸ் அதற்கு முற்பிறவி நினைவு என்று ஒரு வழி கண்டுபிடித்தார். ஆட்டோவுக்கு முற்பிறவி உண்டு. ஆனால் சட்டம் அதை நினைவு வைத்துக்கொள்வதில்லை.

இப்படிப்பட்ட வழிப்பயணத்தைச் சட்டம் கற்பனையே செய்து பார்க்கவில்லை என்றும் சொல்ல முடியாது. ஓட்டப் பழகுகிறவனை எடுத்துக்கொள்வோம். சோதனைக்கு ஆஜராகும் நோக்கத்துடன் பழகுகிறவனுக்கு, எல்.எல்.ஆர். இருந்தால், பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார்ந்திருந்தால், 'எல்' என்று சிவப்பில் எழுதியிருந்தால், ரோடு திறந்திருக்கிறது. அவன் தகுதியற்றவன் என்று எல்லோருக்கும் தெரியும்படி அறிவித்துக்கொண்டே போகலாம். வண்டி விற்கிற டீலரை எடுத்துக்கொள்வோம். 1989-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளை வகுத்தவர்கள் 41-ஆம் விதியில் அவருக்காக ஒரு பட்டியலே போட்டார்கள். வியாபாரச் சான்று வைத்திருப்பவர், பதிவாகாத வண்டியை எடைமேடைக்கும் அங்கிருந்து திரும்பவும், பதிவு செய்யும் இடத்துக்கும் அங்கிருந்து திரும்பவும், பாடி கட்டவோ பெயிண்ட் அடிக்கவோ பட்டறைக்கும் அங்கிருந்து திரும்பவும் ஓட்டலாம். தவணை கட்டாதவனிடமிருந்து பிடுங்கிய வண்டியைக் கொண்டுபோவதற்குக்கூட அந்தப் பட்டியலில் இடமிருந்தது. பழுது பார்க்கக் காலியாகப் போகிற வண்டிக்குப் பெர்மிட் வேண்டாம் என்று சட்டத்தின் 66-ஆம் பிரிவு சொல்கிறது. நோயாளியை அவசரமாக ஏற்றிப் போனால் பதிவில்லாத குற்றமும் குற்றமல்ல, ஏழு நாளுக்குள் தெரிவித்தால் போதும் என்கிறது 192-ஆம் பிரிவு.

போகவும் வரவும் என்ற கருத்து ஆக இந்தச் சட்டத்துக்கு அந்நியமானதல்ல. டீலரின் வண்டிக்கு அது தெரிந்திருக்கிறது, கடன்காரனின் வண்டியைப் பிடுங்குகிறவனுக்குத் தெரிந்திருக்கிறது. சான்று முடிந்த தன் வண்டியைத் தானே சோதனைக்குக் கொண்டுபோகும் ஒருவனுக்கான வாக்கியத்தை மட்டும் 56-ஆம் பிரிவில் தேடினால் கிடைக்கவில்லை.

3

கிடைக்காததற்குக் காரணம் சொல்லலாம். கெடு முடிவதற்கு முன்பே வந்திருக்க வேண்டியதுதானே? வாஸ்தவம். எட்டு வயதுக்கு மேற்பட்ட வண்டிக்கு வருஷத்துக்கு ஒரு முறைதான் எஃப்.சி. முந்நூற்று அறுபத்தைந்து நாள் இருக்கிறது. ஒழுங்காக வருகிறவனுக்கு இந்தப் புதிர் எழவே எழாது. புதிர் தாமதமானவனுக்கு மட்டும்தான். சட்டத்தின் கணக்கில் தாமதம் என்ற ஜாதியே கிடையாது என்று இதை ஒப்புக்கொண்டு போய்விடலாம்.

ஆனால் அப்படியும் இல்லை. 2016 டிசம்பர் கடைசியில் மத்திய அரசு கட்டண விதியைத் திருத்தியபோது, சான்று முடிந்த பிறகு கழிகிற ஒவ்வொரு நாளுக்கும் 50 ரூபாய் கூடுதல் என்று சேர்த்தது. ஆட்டோக்காரர்கள் இதை எதிர்த்தார்கள் என்பது தெரிந்ததே. எனக்கு இதில் பணத்தைவிட முக்கியமாகப் படுவது வேறு. தாமதமானவனைச் சட்டத்துக்கு நன்றாகத் தெரியும். அவனுக்கு விலை போட்டிருக்கிறது. அலுவலகத்தின் வாசலில் அவனை எதிர்பார்த்து ரசீதுப் புத்தகத்துடன் உட்கார்ந்திருக்கிறது. பத்து நாள் தாமதம் என்றால் ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு வண்டியை உள்ளே விடுகிறது. வாங்குகிறவர் கேட்காத கேள்வி ஒன்றுதான்: இந்த வண்டி இங்கே எப்படி வந்தது? கேட்டால் அந்த ரசீதே குற்றத்துக்குச் சாட்சியாகிவிடும்.

1915-இல் வெளிவந்த காஃப்காவின் 'சட்டத்தின் முன்' கதையில் நாட்டுப்புறத்தான் ஒருவன் சட்டத்தின் வாயிலில் காவலாளி அனுமதிக்கக் காத்து ஆயுளைக் கழிக்கிறான். நம் பக்கத்தில் அந்தக் கதையை அளவுக்கு மீறி மேற்கோள் காட்டியாயிற்று. அந்தக் கதை நமக்குச் சரியாகப் பொருந்தவில்லை என்பதையும் யாராவது சொல்ல வேண்டும். காஃப்காவின் மனிதனுக்குப் பிரச்னை வாயில். வாயில் வரை அவன் எப்படி நடந்து வந்தான் என்பதைக் காஃப்கா ஒரு வரியில் விட்டுவிடுகிறார். நம் அலுவலகங்களின் வாயில்கள், தள்ளிக்கொண்டாவது, உள்ளே விட்டுவிடுகின்றன. நமக்கு வாயிலுக்குப் போகிற வழிதான் இல்லை.

பிரிட்டனில் இதற்கு வழி இருக்கிறது. அங்கே 1960-இல் பத்து வயதான கார்களுக்கு வருடாந்தரச் சோதனை வந்தது. 1967-இல் அது மூன்று வயதுக்கு இறங்கியது. போக்குவரத்து அமைச்சகத்தின் பெயரின் முதலெழுத்துக்களை வைத்து அதை 'எம்.ஓ.டி.' என்பார்கள். அந்த அமைச்சகம் 1970-இல் இன்னொன்றில் கரைந்துபோனது. சோதனைக்கு மட்டும் செத்துப்போன தகப்பனின் இனிஷியல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே சான்று இல்லாத காரைத் தெருவில் ஓட்டுவது குற்றம். முன்கூட்டி நாள் குறித்த சோதனைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் மட்டும் குற்றமல்ல. சோதனையில் தோற்றுவிட்டால், பழுது பார்க்கும் இடத்துக்குக் கொண்டுபோகலாம். ஆபத்தான நிலையில் இருக்கும் காரை ஓட்டுவது மட்டும் எந்தப் பயணத்திலும் குற்றமே.

இதில் திரும்பும் வழிதான் என்னை ரொம்ப நேரம் நிறுத்திவைத்தது. போகும் வழிக்கு நியாயம் சொல்வது சுலபம். இன்னும் சோதிக்கப்படாததைத் தோற்றதாகக் கொள்ளக்கூடாது என்று சொல்லிவிடலாம். தோற்ற வண்டிக்கு அந்தச் சாக்கு இல்லை. அதன் தகுதியின்மை இப்போது எழுத்தில் இருக்கிறது. இருந்தும் அதற்கு ஏன் ரோடு? தீர்ப்புச் சொல்லும் இடமும் திருத்திக்கொள்ளும் இடமும் ஒன்றல்ல என்பதால். திரும்பிப் போக வழி விடாத சோதனையைச் சோதனை என்று சொல்ல முடியாது. அது பறிமுதல்.

ஆவடியிலேயே இதற்கு எதிர்முனை ஒன்று இருக்கிறது. 1965 டிசம்பரில் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்த கனரக வாகனத் தொழிற்சாலை அங்கேதான். சோதனை ஓட்டத்துக்கென்றே மதிலுக்குள் தடம் போட்டிருக்கிறார்கள். டாங்கி பிறந்த இடத்திலிருந்து சோதனைக்கு, சோதனையிலிருந்து பட்டறைக்கு, பொதுஜனத்தின் கண்ணில் படாமல் போய்வருகிறது. தான் செய்த பொருளுக்கு ராஜ்யம் வழியையும் சேர்த்தே செய்துகொள்கிறது. அதே ஊரின் ரோட்டில் ஒரு மனிதர் காலால் தள்ளப்பட்டுப் போகிறார்.

4

ஆனால் நடைமுறையில் யார் பிடிக்கிறார்கள் என்று கேட்கலாம். எஃப்.சி.க்குத்தான் போகிறேன் என்றால் போலீஸ்காரர் விட்டுவிடுவார், பெயிண்டைப் பார்த்தாலே தெரியும், எழுதாத விதி ஒன்று இருக்கத்தான் செய்கிறது என்று ஒரு நண்பர் வாதாடினார். இதில் உண்மை உண்டு. நம் சமூகம் பெரும்பாலும் இந்த எழுதாத விதிகளால்தான் ஓடுகிறது. ஆனால் எழுதிய வழிக்கும் எழுதாத வழிக்கும் தார்மீகமாக ஒரு பேதம் இருக்கிறது. எழுதிய வழியில் போகிறவன் யாருக்கும் கடன்படுவதில்லை. போலீஸ்காரர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. எழுதாத வழியில் போகிறவன் அவர் முகத்தைப் படித்தாக வேண்டும். அவர் விடலாம், விடாமலிருக்கலாம், இன்றைக்கு விட்டு நாளைக்குப் பிடிக்கலாம். விடும்போது அவர் தருவது சலுகை. சலுகை வாங்கியவனுக்கு முதுகு கொஞ்சம் வளைகிறது. ஆயுள் முழுக்க இப்படிச் சிறிது சிறிதாக வளைந்த முதுகுகளைத்தான் நாம் பணிவு என்று தப்பாகப் படித்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்று. எழுதாத விதியின் எல்லை விபத்து நடக்கும் வரைதான். 2014-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், வண்டியின் தற்காலிகப் பதிவு 2006 ஜனவரியில் முடிந்திருந்தது. பிப்ரவரியில் விபத்து. பதிவில்லாத வண்டியை ரோட்டில் விட்டது இன்ஷூரன்ஸ் ஒப்பந்தத்தையே அடிப்படையில் மீறியது என்று சொல்லி நீதிமன்றம் உரிமையாளருக்கு நஷ்ட ஈடு இல்லை என்றது. நிரந்தரப் பதிவுக்கு அவர் மனுப்போட்டதாக எந்தச் சான்றும் இல்லை என்பதையும் குறிப்பிட்டது. அவர் அன்று பதிவு செய்யப் போய்க்கொண்டிருந்திருந்தால்? இந்தக் கேள்விக்குத் தீர்ப்பில் பதில் இல்லை, யாரும் கேட்காததால்.

எதிர்க்கட்சியின் பலமான வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். வழி எழுதினால் எல்லோரும் அந்த வழியில் நடப்பார்கள். மடக்கப்பட்ட ஒவ்வொருவனும் 'சோதனைக்குத்தான் போறேன்' என்பான். சாத்தியம்தான். பிரிட்டிஷ்காரர்கள் 'முன்கூட்டி நாள் குறித்த' என்று ஒரு நிபந்தனை வைத்தது இதற்குத்தான். இன்று நம் ஊரிலும் கம்ப்யூட்டரில் நாள் குறித்து, ரசீது கைபேசிக்கு வந்துவிடுகிறது. குறித்த நாளில், குறித்த அலுவலகத்துக்கு, ஆள் ஏற்றாமல், நேர் வழியில் என்று சொல்ல ஒரு வாக்கியம் போதும். சட்டத்துக்கு வாக்கியம் எழுதக் கஷ்டமே இல்லை என்பதைக் கொரோனா காலத்தில் பார்த்தோம். 2020 பிப்ரவரி 1 முதல் காலாவதியான எஃப்.சி.கள் எல்லாம் உயிரோடிருப்பதாகக் கருதப்படும் என்று அந்த மார்ச் 30-ஆம் தேதி ஒரு சுற்றறிக்கை வந்தது. அது திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டு 2021 அக்டோபர் 31 வரை போயிற்று. ஒன்றேமுக்கால் வருஷம் யாரும் பிரேக்கைத் தொட்டுப் பார்க்காமலே வண்டிகள் தகுதியுடன் இருந்தன. ஒரு தாளைச் சாகடித்தது தாள்தான், உயிர்ப்பித்ததும் தாள்தான். ஐந்து மைல் தூரத்துக்கு, ஒரு காலைப் பொழுதுக்கு, இப்படி ஒரு கருதுதல் ஏன் சாத்தியமில்லை என்றுதான் கேட்கிறேன்.

5

இங்கே கவிதையைப் பற்றிக் கொஞ்சம் பேசுவதை இந்தப் பத்திரிகையின் வாசகர்கள் எதிர்பார்க்கக்கூடும். 1959-இல் 'எழுத்து' தொடங்கி, யாப்பில்லாத கவிதைகள் அதில் வரத் தொடங்கியபோது, பண்டிதர்கள் கேட்டது தகுதிச் சான்றைத்தான். யாப்பு இல்லாதது கவிதையாகக் கருதப்படாது என்றார்கள். அதே 'கருதப்படாது'. ஒரு புது ரூபம் கவிதையா இல்லையா என்பது வாசகனின் மனசில் ஓடிப் பார்த்தால்தான் தெரியும். ஓடிப் பார்க்கவே சான்று கேட்டால் அது என்ன செய்யும்? சிறுபத்திரிகை என்பது, என் பார்வையில், அந்த வழிதான். அதில் வருவதெல்லாம் தேறியவை அல்ல. நம்மில் பாதிப்பேர் திரும்பும் வழியில் பட்டறைக்குப் போனவர்கள். ஆனால் தேறியவை மட்டுமே போகலாம் என்று அந்த ரோட்டை அடைத்திருந்தால் தேறியவையும் இருந்திருக்காது. இன்று விமர்சகர்களாக வாயிலில் உட்கார்ந்திருக்கும் நாம், வருகிறவனிடம் 'எப்படி வந்தாய்' என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டா என்பதை அவ்வப்போது யோசித்துப் பார்ப்பது நல்லது.

6

பதிலைச் சொல்வதாகச் சொன்னேன்.

"ஓட்டினு போயிருந்தாலும் எவனும் கேட்ருக்க மாட்டான் சார். ஆனா எஃப்.சி. இல்லாத வண்டில எவனையாவது இடிச்சிட்டா? கம்பெனிக்காரன் கட்டினாலும் எங்கிட்ட திருப்பி வசூல் பண்ணுவான். நான் எங்க போவேன்? அவன் கால்ல தள்ளினு வந்தா மெதுவாத்தான் வர முடியும். மெதுவா வந்தா யாருக்கும் ஒண்ணும் ஆவாது."

சட்டத்தின்படி அவர் இதனால் தப்பிவிடவில்லை. இன்னொரு வண்டியால் இழுக்கப்படும் வண்டியில் ஹாண்டிலைப் பிடித்திருப்பவரும் ஓட்டுநர்தான் என்று 2-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. இழுப்பதைத்தான் சொல்கிறது. காலால் தள்ளுவதை அதை எழுதியவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள் போலும். அது கிடக்கட்டும். சோதனை எதற்காக ஏற்பட்டதோ அதை அவர் சோதனைக்குப் போகிற வழியிலேயே செய்துகொண்டு போனார். யாருக்கும் ஒன்றும் ஆகக்கூடாது. தன்னைப் பிறக்காதவனாகக் கருதிய சட்டத்தின் நோக்கத்தை அந்த ரோட்டில் காப்பாற்றிய ஆள் அவர் ஒருவர்தான்.

நான் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. அவருக்கு எஃப்.சி. ஏன் தாமதமாயிற்று? கெடு முடியும் வாரத்தில், புதன்கிழமை, டெபாசிட்டை உடைக்க வந்தார். இன்ஷூரன்ஸ், பெயிண்ட், கட்டணம் எல்லாவற்றுக்கும் அந்தப் பணம்தான். கையெழுத்து, பதினோரு வருஷத்துக்கு முன் போட்ட மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை. மூன்று முறை போட்டுக் காட்டினார். மூன்றும் மூன்று விதமாக இருந்தன. ஹாண்டில்பாரைப் பிடித்தே காய்த்துப்போன கை. மாதிரியை மாற்றித் தாருங்கள் என்றார். மாற்றுவதற்கான மனுவிலும் பழைய கையெழுத்தே வேண்டும், அது முடியாவிட்டால் ஆதாரோடு வந்து அதிகாரி முன் போட வேண்டும் என்றேன். வெள்ளிக்கிழமை ஆதாரோடு வந்தார். அதிகாரி லீவு. திங்கட்கிழமை பணம் கிடைத்தது. ஞாயிறோடு எஃப்.சி. முடிந்திருந்தது. அடுத்த புதன்கிழமை அவர் தள்ளிக்கொண்டு போனதைத்தான், லீவு போட்டுவிட்டு ஒரு துக்க வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த நான், பஸ்ஸிலிருந்து பார்த்தேன்.

நான் விதிப்படிதான் நடந்தேன். அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. பிறர் பணத்துக்குக் காவல் இருப்பவன் கையெழுத்தைப் பார்க்காமல் விட முடியாது. ஆனால் கையெழுத்து மாறிவிட்ட ஒருவன் தன் புதுக் கையெழுத்தை வந்து சேர்ப்பதற்கு என் கௌண்டரிலும் வழி இல்லை. மூன்று நாள் தாமதத்துக்கு அவர் கட்டிய நூற்றைம்பது ரூபாயில் என் பங்கு எவ்வளவு என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியவில்லை. அவர் இதையும் அதையும் சேர்த்துப் பார்க்கவே இல்லை. நானும் சேர்த்துக் காட்டவில்லை.

போன மாதம் மறுபடி வந்தார். படிவத்தில் போட்ட கையெழுத்து, அன்று அதிகாரி முன் போட்ட புது மாதிரியோடும் ஒத்துப்போகவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவர் என் முகத்தைப் படித்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லாமல் பாஸ் செய்தேன். இது சரியா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ரோட்டில் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிற அந்தப் போலீஸ்காரராக நானும் ஆகிவிட்டேன் என்பது மட்டும் தெரிகிறது.

பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, "ரொம்ப நன்றி சார்" என்றார்.

அவருடைய பணம். அவர் நன்றி சொல்லியிருக்க வேண்டியதில்லை.